பெண்பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கப் போகும் கல்லூரித் தன்னார்வலர்களுக்கு: குமரி மாவட்டக் கிராமங்களுக்கான முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டக் கல்லூரிகளிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கிராமங்களுக்குச் சென்று ஏழு நாள் முகாமிடுகிறார்கள். குளக்கரையைச் சுத்தம் செய்வதும் மரக்கன்று நடுவதும் அவர்களுக்குப் பழகிய வேலைகள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் முன் நின்று மாதவிடாய்ச் சுகாதாரம், பாலியல் வன்முறை, தற்காப்பு என மூன்றையும் பேசுவது அப்படிப்பட்டதல்ல. ஒரு சொல் தவறினாலும் ஒரு பிள்ளை பல ஆண்டுகளுக்கு வாய் திறக்காமல் போகலாம்.

இந்த வழிகாட்டியின் அடிப்படையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு எவ்வளவு சிறப்பாக நடந்தது என்பது இரண்டாவது கேள்வி. வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு பிள்ளை தயங்கி நின்று, "அக்கா, ஒன்று சொல்ல வேண்டும்" என்றால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? அதுதான் முதல் கேள்வி. கீழே வரும் ஏற்பாடுகள் அனைத்தும் அந்தப் பிள்ளையை முன்வைத்தே சொல்லப்படுகின்றன.

முதல் படி: யாரிடம் கொண்டு செல்வது என்று முடிவு செய்யுங்கள்

பாடத்தைத் தயாரிக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட எவர் மீதும் நடக்கும் பாலியல் குற்றம் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கீழ் வருகிறது. அதன் 19-ஆவது பிரிவின்படி, அப்படி ஒன்று நடந்ததாகத் தெரிந்தவரும் நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். 18 வயது நிறைந்த மாணவத் தன்னார்வலருக்கும் இதில் விலக்கு இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவருக்குச் சட்டம் பாதுகாப்பும் தருகிறது.

ஆகவே கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் சென்று முகாம் நடக்கும் ஊரையும் தேதியையும் சொல்லிவிட வேண்டும். அவசரத்தில் அங்கே யாரை அழைப்பது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முகாம் ஊருக்கு உரிய அனைத்து மகளிர் காவல் நிலையம் எது, அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எது, அந்த ஊரின் கிராம சுகாதார செவிலியர் யார் என்பதும் ஒரே தாளில் இருக்கட்டும். அந்தத் தாள் ஒவ்வொரு தன்னார்வலரின் பையிலும் இருக்க வேண்டும். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்துக் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் பல இடங்களில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அங்கே முகாமிட்டால் எங்கே நின்றால் அழைப்பு போகும் என்பதையும் முன்னதாகப் பார்த்து வையுங்கள்.

தலைமையாசிரியரின் அனுமதி, கல்வித் துறையின் அனுமதி, பெற்றோருக்குக் கடிதம் ஆகியவை உங்கள் கல்லூரிக்கு ஏற்கெனவே பழக்கமான வேலைகள்தாம். கடிதத்தில் மட்டும் ஒளிவுமறைவு வேண்டாம். "உடல்நலமும் பாதுகாப்பும்" என்று தலைப்பிட்டு, மாதவிடாயும் பாலியல் வன்முறையும் பேசப்படும் என்று தெளிவாக எழுதுங்கள். பின்னால் வரக்கூடிய பல சச்சரவுகள் அந்த ஒரு வரியால் தவிர்க்கப்படும்.

இரண்டாம் படி: ஆட்களும் பயிற்சியும்

வகுப்புக்கு நான்கு பெண் தன்னார்வலர்கள் போதும். இருவர் பேசுவார்கள், ஒருவர் பிள்ளைகளின் முகங்களைக் கவனிப்பார், ஒருவர் வாசலில் இருப்பார். நடுவில் எழுந்து வெளியே போகும் பிள்ளையின் பின்னால் செல்வது வாசலில் இருப்பவரின் பொறுப்பு. ஆண் தன்னார்வலர்களை ஒலிபெருக்கி கட்டவும் நாற்காலி தூக்கவும் மட்டும் அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. அதே நேரத்தில் அடுத்த அறையில் ஆண்பிள்ளைகளுக்கு அவர்கள் வகுப்பெடுக்கட்டும். பெண்ணைப் பின்தொடர்வது குற்றம் என்பதும், ஆண்பிள்ளைகளுக்கும் பாலியல் வன்முறை நடக்கிறது என்பதும், போக்சோ சட்டம் அவர்களையும் காக்கிறது என்பதும் அங்கே சொல்லப்பட வேண்டும்.

பயிற்சியில் பாதி நேரத்தைக் கேட்டுக்கொள்ளும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஒருவர் பிள்ளையாக நடிக்க, மற்றவர் கேட்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முதல் முறை கேட்கும்போது பெரும்பாலான மாணவிகள் அதிர்ச்சியை முகத்தில் காட்டிவிடுகிறார்கள், அல்லது "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டும் வராமல் போகும்வரை பழக வேண்டும்.

மூன்றாம் படி: ஊரின் நேரத்துக்கு உங்கள் நேரத்தை அமைப்பது

குமரியில் ஊருக்கு ஊர் வாழ்க்கை வேறு. மீன் விற்கும் தாய்மார்கள் விடியும் முன்பே கிளம்பி மதியம்தான் திரும்புகிறார்கள். ரப்பர் பால் வெட்டும் வீடுகளில் அதிகாலை வேலை. கல்குளம், விளவங்கோடு பக்கத்து முந்திரி ஆலைகளுக்குப் போகும் பெண்கள் மாலையில் களைத்து வருகிறார்கள். தாய்மார் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் பொருளில்லை.

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளில் தொழிலுக்குப் போகும் ஆண்கள் அப்போது ஊரில் இருப்பார்கள். தந்தையரிடமும் பேச அது நல்ல காலம். கடலோர ஊர்களில் பங்குத்தந்தையிடமும் மறைக்கல்வி ஆசிரியைகளிடமும் முன்கூட்டியே பேசினால் ஞாயிறு மறைக்கல்வி நேரத்துக்குப் பின் பிள்ளைகள் ஓரிடத்தில் கிடைப்பார்கள். ஊர்க் கொடை, திருவிழா நாட்களில் முகாம் வேண்டாம்.

ஏழு நாட்களை எப்படிப் பிரிப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதல் இரண்டு நாள் வீடுகளுக்குப் போங்கள், பிள்ளைகளோடு விளையாடுங்கள். மூன்றாம் நாள் சுகாதாரம், நான்காம் நாள் வன்முறை, ஐந்தும் ஆறும் தற்காப்பு, ஏழாம் நாள் தாய்மார் கூட்டம். வன்முறை பற்றிய வகுப்பைக் கடைசி நாளில் வைக்கவே கூடாது. கேட்டதை மனதில் போட்டுப் பார்த்து, உங்களில் யார் நம்பத்தக்கவர் என்று முடிவு செய்து, வந்து சொல்வதற்கு ஒரு பிள்ளைக்கு ஓரிரு நாள் வேண்டும். அதற்குள் நீங்கள் மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டால் அவள் யாரிடம் சொல்வாள்?

நான்காம் படி: சுகாதார வகுப்பு

வகுப்புக்கு முன் பள்ளிக் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, வாளியும் மூடியுள்ள குப்பைத் தொட்டியும் இருக்கின்றனவா? தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் நின்று "நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்" என்று சொல்வது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். தாழ்ப்பாளை முகாமின் செலவிலேயே வாங்கிப் பொருத்திவிடுங்கள். தண்ணீர்க் குறையைத் தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் எழுத்தில் கொடுங்கள். கழிப்பறைக்குப் பயந்து பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு அதிகம். இதை அவர்களிடமும் சொல்லுங்கள், ஆசிரியைகளிடமும் சொல்லுங்கள்.

வகுப்புக்கு ஒரு நாப்கின் பொட்டலம், நல்ல பருத்தித் துணி, சோப்பு, பழைய செய்தித்தாள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். எல்லாவற்றையும் பிள்ளைகள் கையில் கொடுத்துக் காட்டுங்கள். பயன்படுத்தியதைத் தாளில் சுற்றித் தொட்டியில் போட வேண்டும், கழிப்பறைக் குழிக்குள் போடக் கூடாது. வளரிளம் பெண்களுக்கு அரசின் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் இலவசமாகக் கிடைக்கிறது. அது முறையாக வருகிறதா என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

துணி பயன்படுத்துகிறவர்களைத் தாழ்வாகப் பேச வேண்டாம். துணி சுத்தமாக இருந்தால் அதில் தவறே இல்லை. முதலில் குளிர்ந்த நீரில் அலசி, பிறகு சோப்பிட்டுத் துவைத்து, வெயிலில் காய வைக்க வேண்டும். இங்கேதான் நம் மாவட்டத்தின் சிக்கல் வருகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற ஊர் இது. மழை மாதங்களில் துணி எளிதில் காயாது. வெட்கப்பட்டு வேறு துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டால் ஈரம் போகவே போகாது, அந்த ஈரத்தில் கிருமி வளரும். காற்றோட்டமான இடத்தில் விரித்துக் காயவைத்து, நன்றாக இஸ்திரி போட்ட பிறகே பயன்படுத்தச் சொல்லுங்கள். கிணற்று நீர் உப்பாக இருக்கும் கடலோர ஊர்களில் சோப்பு நுரைக்காது. கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இரத்தசோகையைத் தனியாக எடுத்துப் பேசுங்கள். மரச்சீனிக் கிழங்கு வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. கூடவே மீன், முருங்கைக்கீரை, பயறு வேண்டும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும், நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் கூடும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் சன்னல் வழியே எறிவதற்குக் காரணம், அதை வெறும் வயிற்றில் விழுங்கி வாந்தி எடுத்த அனுபவம்தான். சாப்பிட்ட பின் விழுங்க வேண்டும், மலம் கறுத்துப் போவது இயல்பு என்று சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். ரப்பர் தோட்டத்திலும் ஈர மண்ணிலும் செருப்பில்லாமல் நடந்தால் கொக்கிப்புழு பாதத் தோல் வழியாகவே உடலுக்குள் நுழைந்து, குடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடக் கூடாது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஏழு நாளுக்கு மேல் இரத்தப்போக்கு, ஒன்று இரண்டு மணி நேரத்திலேயே நாப்கின் நனைந்துபோவது, பள்ளிக்கே போக முடியாத வலி, நாற்றமோ அரிப்போ உள்ள வெள்ளைப்படுதல், 15 வயதாகியும் மாதவிடாய் தொடங்காமல் இருப்பது.

தீட்டு பற்றிக் கேள்வி வரும். வழிபாட்டு வழக்கங்களை எதிர்த்துப் பேசி, வீட்டில் அம்மாவிடம் சண்டையிடும் சுமையைப் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டாம். குளிக்கலாம், விளையாடலாம், எல்லா உணவும் சாப்பிடலாம், உடலில் அசுத்தம் என்று ஏதுமில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மீதியைத் தாய்மார் கூட்டத்தில் நீங்களே பேசுங்கள்.

வகுப்பின் இறுதியில் கேள்விப் பெட்டி வையுங்கள். எல்லோருக்கும் சீட்டு கொடுத்து, எல்லோரும் கட்டாயம் எதையாவது எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். கேள்வி இல்லாதவர்கள் பிடித்த பூவின் பெயரை எழுதட்டும். அப்போதுதான் உண்மையாக எழுதுகிற பிள்ளை தனித்துத் தெரிய மாட்டாள்.

ஐந்தாம் படி: வன்முறை பற்றிய வகுப்பு

இந்த வகுப்பை எங்கிருந்து தொடங்குவது என்று தடுமாற வேண்டாம். நம் மண்ணிலேயே தொடங்கலாம். தங்கள் உடலை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காக இந்த மாவட்டத்துப் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராடினார்கள். 1859-இல் திருவிதாங்கூர் அரசு ஆணை பிறப்பித்து இறங்கி வர வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டத்தைப் பாட்டிமார் வழியாகக் கேள்விப்பட்ட பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம். "என் உடல் என்னுடையது" என்பதை அவர்களுக்கு வெளியூர்க் கருத்தாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அடுத்ததாக, யார் செய்கிறார்கள் என்பது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் ஆண்டுதோறும் தெரியும் உண்மை இது: போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர், பழகியவர். இருட்டில் வரும் அந்நியனைப் பற்றி மட்டும் எச்சரித்துவிட்டு வருவது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். "மாமாதானே, பெரியவர்தானே" என்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தொடுவது மட்டும் வன்முறை அல்ல. ஆபாசப் படம் காட்டுவது, உடையைக் கழற்றச் சொல்வது, தன் உடலைக் காட்டுவது, "அம்மாவிடம் சொல்லாதே" என்று சொல்லிப் பரிசு தருவது எல்லாம் இதில் அடங்கும்.

கைப்பேசி பற்றி விரிவாகப் பேசுங்கள். சமூக ஊடகத்தில் பழகி, படங்களை வைத்துப் பெண்களை மிரட்டிய நாகர்கோவில் இளைஞர் ஒருவர் 2020-இல் கைதானார், 2023-இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு பெண் துணிந்து கொடுத்த புகார்தான் மற்றவர்களும் முன்வர வழி திறந்தது. பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது இதுதான்: படம் அனுப்பியிருந்தாலும் மிரட்டுகிறவன்தான் குற்றவாளி. பணம் கொடுக்காதே, இன்னொரு படம் அனுப்பாதே, உரையாடலை அழிக்காதே, திரைப்பதிவு எடுத்து வை, இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-ஐ அழை.

பேருந்தும் அன்றாடப் பிரச்சினை. காலை நேரக் கூட்டத்தில் ஒருவன் உரசினால் நடத்துநரிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும். 2022-இல் திருத்தப்பட்ட தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளின்படி, பெண்களிடம் தவறாக நடக்கும் ஆண் பயணியை இறக்கிவிடவோ வழியில் உள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கவோ நடத்துநருக்கு அதிகாரம் உண்டு. பிள்ளைகளுக்கு இது தெரிந்திருந்தால் சொல்லும் குரலே மாறும்.

எண்களை மனப்பாடம் செய்ய வையுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112. அச்சிட்ட அட்டை வேண்டாம். வீட்டில் ஒருவர் பார்த்தால் கேள்வி எழும். மனதில் இருப்பதை யாரும் பறிக்க முடியாது.

ஆறாம் படி: ஒரு பிள்ளை வந்து சொன்னால்

மற்றவர்கள் பார்க்கக்கூடிய, ஆனால் கேட்க முடியாத இடத்தில் உட்காருங்கள். வராந்தாவின் மூலை போதும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், அதை உங்களால் காப்பாற்ற முடியாது. "உன்னைப் பாதுகாக்கத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்பது உண்மையான வாக்கு.

அவள் பேசட்டும். நீங்கள் சொல்ல வேண்டியவை சில வரிகளே: "நீ சொல்வதை நம்புகிறேன். இது உன் தவறு இல்லை. சொன்னது நல்லது." விவரம் தோண்ட வேண்டாம். அது பயிற்சி பெற்ற அலுவலர்களின் வேலை. ஒரே கதையைப் பலரிடம் பிள்ளையைச் சொல்ல வைப்பதும் கொடுமைதான். இப்போது வீட்டுக்குப் போவது பாதுகாப்பா, எப்போது கடைசியாக நடந்தது என்ற இரண்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சில நாட்களுக்குள் நடந்திருந்தால் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் மருந்தும் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தும் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாகவோ அவ்வளவு நல்லது. அணிந்திருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கச் சொல்லுங்கள். எந்த மருத்துவமனையும் சிகிச்சையை மறுக்கக் கூடாது.

பிறகு திட்ட அலுவலர், அங்கிருந்து 1098, காவல் நிலையம். குற்றம் சாட்டப்படுகிறவர் பள்ளியைச் சேர்ந்தவராகவோ வீட்டைச் சேர்ந்தவராகவோ இருந்தால் பள்ளியிடமும் வீட்டிடமும் முதலில் போகாதீர்கள். ஊரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் வருவார்கள். போக்சோ குற்றத்தில் சமரசத்துக்கு இடமில்லை என்று பணிவாக, உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்கும் சில உண்மைகள் தெரிய வேண்டும். வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரி சீருடை அணியாமல் வந்து பதிவு செய்வார். இரவில் அவளைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அவள் பெயரையும் படத்தையும் யாரும் வெளியிடக் கூடாது. உங்கள் முகாம் அறிக்கையிலும் ஒரு குறிப்பும் இருக்கக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் ஒரு சொல்லும் கூடாது.

ஏழாம் படி: தற்காப்பு

அடிமுறையும் சிலம்பமும் வாழும் மாவட்டம் இது. ஊர் ஆசான் ஒருவரை அழைக்க முடிந்தால் அழையுங்கள், பெண் சீடர் ஒருவரோடு வந்தால் மேலும் நல்லது. வர்ம இடங்களைச் சொல்லிக்கொடுக்கும்படி பிள்ளைகள் கேட்பார்கள். பல ஆண்டு குருவிடம் இருந்து கற்க வேண்டியதை இரண்டு மாலையில் கொடுக்க முயல வேண்டாம். எளிய சிலவற்றை உடல் மறக்காத அளவுக்குப் பழக்குவதே பயன் தரும்.

அடவுகளுக்கு முன் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பயத்தில் உடல் உறைந்துபோவதும் குரல் எழும்பாமல் போவதும் இயற்கை. அப்படி உறைந்து நின்ற பிள்ளை சம்மதித்ததாக ஆகாது, அவள் தோற்கவும் இல்லை. இதைச் சொல்லாமல் தற்காப்பு கற்பித்தால், ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பிள்ளை "நான் ஏன் அடிக்கவில்லை" என்று தன்னையே நொந்துகொள்வாள்.

பிறகு குரல். இது கைகால்களுக்கு முன்னால் வர வேண்டும். கால்களை அகட்டி நின்று, கைகளை முன்னால் உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து "கையை எடு!" "தள்ளிப் போ!" என்று கத்த வையுங்கள். முதல் முறை எல்லோரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கூட்டத்தில் ஆளை அடையாளம் சொல்லிக் கத்தப் பழக்குங்கள்: "நீலச் சட்டை, கையை எடு!" சுற்றியுள்ளவர்கள் யாரைப் பார்ப்பது என்று குழம்ப மாட்டார்கள்.

தாக்குகிறவன் மணிக்கட்டைப் பிடித்தால் அவன் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடைவெளியின் பக்கமாகக் கையைத் திருப்பி வெடுக்கென்று இழுக்க வேண்டும். பிடியில் பலவீனமான இடம் அதுதான். முடியைப் பிடித்தால் இழுக்காமல் அவன் கையை இரு கைகளாலும் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் உதைக்க வேண்டும். பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் முழங்காலை மடக்கி உடலைத் தாழ்த்தி, குதிகாலால் அவன் பாதத்தை மிதித்து, முழங்கையால் பின்னோக்கி இடிக்க வேண்டும். நேருக்கு நேர் என்றால் உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கில். நம் பிள்ளைகளின் பையில் ஆண்டில் பாதி நாள் குடை இருக்கிறது. அதை வீசினால் பிடுங்கிக்கொள்வான், இரு கைகளாலும் பிடித்துக் குத்த வேண்டும். எந்த அடியும் ஓடுவதற்கான நேரத்தைப் பெறவே. ஆட்கள் இருக்கும் இடத்தை நோக்கி ஓடுவதையும் பயிற்சியில் சேருங்கள்.

தொட்டுக் காட்டும் முன் ஒவ்வொரு பிள்ளையிடமும் "தொடலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதுவே ஏற்கப்பட வேண்டும். தன்னைக் காத்துக்கொள்ளத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தும் உரிமையை நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும் தருகிறது என்பதைச் சொல்லுங்கள். திருப்பி அடித்தால் தன் மீது வழக்கு வரும் என்ற பயம் பல வீடுகளில் உண்டு.

எட்டாம் படி: தாய்மார் கூட்டமும் அதற்குப் பிறகும்

ஏழாம் நாள் மாலையில் தாய்மாரிடம் பேசும்போது ஒரே ஒரு வேண்டுகோளை அழுத்திச் சொல்லுங்கள்: பிள்ளை வந்து சொன்னால் அடிக்காதீர்கள், படிப்பை நிறுத்தாதீர்கள், அவசரமாகக் கல்யாணம் பேசாதீர்கள். பெண்ணுக்கு 18 வயதுக்கு முன் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லலாம். பிள்ளைகள் வாய்மூடி இருப்பதற்கு இந்த மூன்று பயங்களே பெரிய காரணம். வீட்டில் தங்களுக்கே அடி விழுகிறது என்று சொல்லும் தாய்மாரும் இருப்பார்கள். அவர்களுக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் 181-ஐ அழைத்தால் கிடைக்கும் ஒருங்கிணைந்த சேவை மையமும் உண்டு.

முகாம் முடிந்ததும் தன்னார்வலர்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். கேட்டவை அவர்களையும் பாரமாக அழுத்தும், சிலருக்குத் தங்கள் பழைய காயமே திறந்திருக்கும். கல்லூரி ஆலோசகரோடு பேச ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரு மாதத்துக்குப் பின் அதே நான்கு பெண்கள் அதே பள்ளிக்கு மீண்டும் போக வேண்டும். புது முகங்களை அனுப்பினால் பயனில்லை. கேள்விப் பெட்டியை மறுபடி வையுங்கள், கழிப்பறைத் தாழ்ப்பாள் இன்னும் பிடிக்கிறதா பாருங்கள், புகார் கொடுத்த பிள்ளை பள்ளிக்கு வருகிறாளா என்று பாதுகாப்பு அலகிடம் கேளுங்கள். அடுத்த வருகைத் தேதியைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.